யூகேட் தேர்வுக்கு எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

மார்ச் பிறந்துவிட்டால் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கணக்கைப் பற்றிப் பேசுவதே குறைந்துவிடும். "டீச்சர், யூகேட்டுக்கு எந்த வெப்சைட் நல்லது? வகுப்பில் சேர்த்துவிடட்டுமா? பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த புத்தகங்களே போதுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். யூகேட் என்பது மருத்துவப் படிப்பில் சேரச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் நுழைவுத் தேர்வு. தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கணக்கு டியூஷன் எடுப்பவள். பயிற்சிப் பொருள் எதையும் விற்பவள் இல்லை.

பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. உங்கள் பிள்ளைக்கு இந்தத் தேர்வு தேவைதானா?

சிங்கப்பூரில் மூன்று மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் வாசல் வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி யூகேட் கேட்பதில்லை. ஏ லெவல் (தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வு) மதிப்பெண், பிள்ளையின் ஈடுபாடுகளைச் சொல்லும் தொகுப்பு, பள்ளியே நடத்தும் திறன் மதிப்பீடு, சூழ்நிலைத் தீர்வுத் தேர்வு (இன்ன சூழ்நிலையில் என்ன செய்வாய் என்று கேட்பது) ஆகியவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளிதான் யூகேட் கேட்கிறது. டியூக்-என்யுஎஸ் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கானது, அங்கே எம்கேட் என்ற அமெரிக்கத் தேர்வு. பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் யூகேட்தான். பிமாட் என்ற பழைய தேர்வு 2023-உடன் நின்றுபோனதும் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல் எல்லாம் இதற்கு மாறிவிட்டன.

தேசியப் பல்கலைக்கழகம் மட்டுமே இலக்கு என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வேதியியல் புத்தகத்தை எடுக்கலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று யூகேட் வகுப்பில் சேர்த்துவிட்டு ஏ லெவலின் எச்2 வேதியியலில் கோட்டை விடுவது பெரிய நஷ்டம்.

## எதை வைத்து எடைபோடுவது

யூகேட்டில் பாடம் கிடையாது. உயிரியல் கேட்க மாட்டார்கள், வேதியியலும் கேட்க மாட்டார்கள். 2025 முதல் நான்கு பகுதிகள். மொழிவழிப் பகுத்தறிவில் 44 கேள்விகளுக்கு 22 நிமிடம், முடிவெடுத்தலில் 35-க்கு 37, எண்வழிப் பகுத்தறிவில் 36-க்கு 26, சூழ்நிலைத் தீர்வில் 69-க்கு 26. கணக்குப் போட்டால் முதல் பகுதியில் ஒரு கேள்விக்கு 30 விநாடி, எண்களில் சுமார் 43 விநாடி, சூழ்நிலையில் 23 விநாடிகூட இல்லை. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. முதல் மூன்று பகுதிகளுக்கும் தலா 300 முதல் 900 வரை மதிப்பெண், கூட்டினால் 2700-க்கு. ஒரு பருவத்தில் ஒரே முறைதான் எழுதலாம்.

இதிலிருந்தே அளவுகோல்கள் தெரிந்துவிடும். முதலாவது, பொருள் இப்போதைய தேர்வைப் போலவே இருக்கிறதா என்பது. கேள்வி வகை, திரை, நேரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, தப்பானால் ஏன் தப்பு என்பதோடு, வேகமாகச் செய்யும் வழியையும் காட்டுகிறதா. மூன்றாவது, பிள்ளையின் நேரம். தேர்வு ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள். அதே நேரத்தில் பிரிலிம்ஸ் (ஏ லெவலுக்கு முந்தைய பள்ளித் தேர்வு), தாய்மொழி வாய்மொழித் தேர்வு, அடுத்து ஏ லெவல். வாரத்துக்கு ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் யூகேட்டுக்கு ஒதுக்க முடிகிற பிள்ளையை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். நான்காவது பணம். ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: பார்க்காத கேள்விகளின் கையிருப்பு. ஒருமுறை செய்துவிட்ட மாதிரித் தேர்வை மறுபடி செய்தால் வரும் மதிப்பெண்ணை நம்ப முடியாது.

| | அதிகாரபூர்வ இலவசப் பொருள் | கட்டணச் சந்தா | புத்தகம் | வகுப்பு |
|---|---|---|---|---|
| தேர்வோடு பொருத்தம் | அச்சு அசல் | பெரும்பாலும் நெருக்கம் | பதிப்பாண்டைப் பொறுத்தது | ஆசிரியரைப் பொறுத்தது |
| விளக்கம் | சுருக்கம் | விரிவு | நிதானம், தெளிவு | கேட்டுத் தெளியலாம் |
| நேரச் செலவு | குறைவு | கட்டுப்படுத்தாவிட்டால் மிக அதிகம் | நடுத்தரம் | வகுப்பு நேரமும் பயண நேரமும் |
| பணம் | இல்லை | மாத, பருவக் கட்டணம் | குறைவு. நூலகத்தில் இலவசம் | நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரம் வெள்ளியை (டாலரை) தாண்டும் |
| புதுக் கேள்விகள் | கொஞ்சம் | ஏராளம் | கொஞ்சம் | பெரும்பாலும் வேறிடத்துக் கேள்விகள் |

தேர்வுக் கட்டணம் தனி. 2025-இல் பிரிட்டனுக்கு வெளியே எழுதுவோருக்கு அது 115 பவுண்டு.

## அதிகாரபூர்வ இலவசப் பொருள்

யூகேட் நடத்துபவர்களின் தளத்திலேயே பாட விளக்கங்கள், கேள்வித் தொகுப்பு, முழு நீள மாதிரித் தேர்வுகள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. தேர்வு மையத்தில் பார்க்கப்போகும் அதே திரை, அதே கால்குலேட்டர், கேள்வியைப் பிறகு பார்க்கக் குறித்துவைக்கும் அதே கொடி பொத்தான். வேறு எந்தப் பொருளும் இந்த விஷயத்தில் இதன் பக்கத்தில் வர முடியாது. இலவசம் என்பதாலேயே நம்மவர்கள் இதை மட்டமாக நினைப்பதுதான் விசித்திரம். 300 வெள்ளி கொடுத்த பொருளைக் கண்ணும் கருத்துமாகச் செய்யும் பிள்ளை, இதைப் பேருந்தில் கைப்பேசியில் மேலோட்டமாகத் தட்டிவிட்டுப் போகும்.

கைப்பேசியில் செய்யவே கூடாது. திரையில் வரும் கால்குலேட்டர் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போன்ற அடிப்படைக் கணக்குகள் மட்டும் தெரிந்த ஒன்று. தொடக்கக் கல்லூரியில் வரைபடக் கால்குலேட்டருக்குப் பழகிய கைக்கு அது சள்ளை பிடித்த வேலை. எச்2 கணக்கில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் எண்வழிப் பகுதியில் தடுமாறுவது இதனால்தான். கணக்கு ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி) தரம்கூடத் தாண்டாது, கை ஓடாது. மடிக்கணினியில் எண் பலகை இல்லையென்றால் சிம் லிம் ஸ்குவேரில் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்தத் தேர்வுக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போக ஆல்ட்டும் என்-உம், கொடி போட ஆல்ட்டும் எஃப்-உம் என்ற விசைகளையும் விரலுக்குப் பழக்க வேண்டும்.

இதன் குறை அளவுதான். மாதிரித் தேர்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏப்ரலிலேயே ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் ஜூலையில் தன் நிலையை அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஒன்றை ஆரம்பத்தில், நேரம் வைத்து, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் செய்யட்டும். மற்றவற்றைத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். இடைப்பட்ட காலத்துக்குக் கேள்வித் தொகுப்பு இருக்கிறது.

இரண்டாவது குறை: விளக்கம் விடை சரி என்று காட்டும், 43 விநாடிக்குள் அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்று சொல்லிக்கொடுக்காது.

முதல் மாதிரித் தேர்விலேயே மூன்று பகுதிகளும் ஒரே சீராக, நல்ல இடத்தில் நிற்கும் பிள்ளைக்கு இதுவே போதும். "நல்ல இடம்" எது என்று பார்க்க, ஆண்டுதோறும் வெளியாகும் பதின்மான அட்டவணையை (எழுதியவர்களைப் பத்துச் சம பகுதியாகப் பிரித்து மதிப்பெண் காட்டுவது) அதே தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## கட்டணச் சந்தாத் தளங்கள்

மெடிஃபை, மெட்என்ட்ரி போன்றவை இந்த வகை. ஆயிரக்கணக்கில் கேள்விகள், பகுதிவாரியாக நேரக் கணக்கு, தப்புகளை வகைபிரித்துக் காட்டும் வரைபடம். கேள்விப் பஞ்சம் என்ற குறை இங்கே இல்லை. முடிவெடுத்தல் பகுதியில் வென் வரைபடமா, நியாயவாதமா, நிகழ்தகவா, எதில் மதிப்பெண் கசிகிறது என்று தனியாகப் பிரித்துக் காட்டுவது உண்மையிலேயே உதவும். அந்தப் பகுதியில் ஆம், இல்லை என்று ஐந்து வாக்கியங்களுக்குப் பதில் சொல்லும் கேள்விகளுக்கு 2 மதிப்பெண், ஓரளவு சரியானால் 1 என்ற விதி உண்டு. எதில் நேரத்தைக் கொட்டுவது, எதை ஊகித்துவிட்டு நகர்வது என்ற தீர்ப்பு பல தடவை செய்தால்தான் படியும்.

மறைந்திருக்கும் செலவு வேறிடத்தில் இருக்கிறது. முதலில், சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே பிள்ளையைத் துரத்தும். "காசு கட்டியாச்சே, இன்னும் ரெண்டாயிரம் கேள்வி பாக்கி இருக்கே" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேள்வி செய்வார்கள். செய்த தப்பைத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. ஒரு மணி நேரம் கேள்வி செய்தால் இன்னொரு மணி நேரம் தப்பைப் படிக்க வேண்டும் என்பது என் வீட்டு மேசையில் சட்டம். அப்படிப் பார்த்தால் எந்தப் பிள்ளையாலும் அந்தத் தொகுப்பில் கால்வாசிக்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆகவே "பத்தாயிரம் கேள்விகள்", "இருபதாயிரம் கேள்விகள்" என்ற விளம்பர வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது, தளம் காட்டும் மதிப்பெண்ணும் தரவரிசையும். காசு கட்டிப் பயிற்சி செய்பவர்களோடு மட்டும் ஒப்பிட்ட வரிசை அது. அதைப் பார்த்து வீட்டில் ஒப்பாரி வைக்கவும் வேண்டாம், ஐஸ்கிரீம் வாங்கவும் வேண்டாம். உண்மையான அளவுகோல் பத்திரப்படுத்திவைத்த அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுதான்.

வாங்குவதாக இருந்தால் ஜூன் விடுமுறையின் முதல் நாளிலிருந்து ஓடுமாறு வாங்குங்கள். ஜனவரியில் "சலுகை முடியப்போகிறது" என்று வாங்கிய ஆண்டுச் சந்தா பாதி நாள் பள்ளிச் சோதனைகளுக்கு நடுவில் தூங்கும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட பகுதி மட்டும் பின்தங்கி நிற்கும் பிள்ளைக்கும், வேகம் போதாத பிள்ளைக்கும் இதுதான் நல்ல தேர்வு. நான் கேட்கப்படும்போது பெரும்பாலானோருக்குச் சொல்வதும் இதுதான்: இலவசப் பொருளோடு ஒரே ஒரு சந்தா, எட்டு வாரம்.

## புத்தகங்கள்

பழைய பொருள் விற்கும் கரூசல் தளத்தில் தேடினால் மலிவாகக் கிடைக்கும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளிலும் எப்போதாவது கண்ணில் படும். நூலக வாரியத்தின் தேடலிலும் போட்டுப் பாருங்கள்.

வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள். பிமாட் என்று போட்டிருந்தால் அது செத்த தேர்வு. நன்யாங் முன்பு அதைத்தான் கேட்டது என்பதால் சிங்கப்பூர் வீடுகளில் அந்தப் புத்தகங்கள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. "பக்கத்து வீட்டு அண்ணன்" கொடுத்தது பெரும்பாலும் அதுதான். யூகேகேட் என்று இருந்தால் 2019-க்கு முந்தைய பதிப்பு, அன்றைய பெயர் அது. யூகேட் என்றே இருந்தாலும் வடிவங்களின் வரிசையைக் கண்டுபிடிக்கும் பகுதி உள்ளே இருந்தால் 2025-க்கு முந்தையது. அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் பழைய 3600 மதிப்பெண் கணக்கு 2700 ஆனது. பழைய புத்தகத்தின் மதிப்பெண்ணைப் புதியதோடு ஒப்பிட்டுப் பிள்ளையை மிரட்டாதீர்கள்.

எண்வழிப் பகுதியும் நியாயவாதங்களும் பெரிதாக மாறவில்லை. அவற்றை நிதானமாகப் புரிந்துகொள்ளப் பழைய புத்தகம்கூட உதவும். ஆனால் தாளில் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்த பழக்கம் திரையில் செல்லாது. மையத்தில் கொடுப்பது அழித்து எழுதும் பலகையும் பேனாவும்தான். ஆகவே புத்தகம் மே மாதத்தோடு முடிந்துவிட வேண்டும்.

## வகுப்பும் பட்டறையும்

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு, டியூஷன் எடுப்பவளே சொல்கிறேனே என்று நினைத்தாலும் பரவாயில்லை. பாடம் இல்லாத தேர்வுக்கு இரண்டு நாள் பட்டறை கொடுக்கக்கூடியது ஓர் அறிமுகமும் சில குறுக்கு வழிகளும். அறிமுகம் இலவசத் தளத்தில் இருக்கிறது. குறுக்கு வழி பழகினால்தான் வரும். அந்தப் பழக்கம் வீட்டில்தான்.

ஆனாலும் இரண்டு இடங்களில் நல்ல ஆசிரியர் பெரிய வித்தியாசம் ஏற்படுத்துவார்.

ஒன்று மொழிவழிப் பகுதி. 11 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். சரி, தவறு, சொல்ல முடியாது என்று பதில் சொல்லும் வகையில் நம் பிள்ளைகள் வழுக்குவார்கள். தொடக்கக் கல்லூரியின் பொதுத்தாள் (ஜெனரல் பேப்பர்) பாடத்தில் இரண்டு வருடமாக "உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுது" என்றுதான் பழக்கியிருக்கிறோம். இங்கே பத்தியில் இல்லாததைத் தெரிந்திருப்பதே வினை. உலகமே அறிந்த உண்மையாக இருந்தாலும் பத்தி சொல்லவில்லை என்றால் "சொல்ல முடியாது"தான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, எந்த வரியிலிருந்து இந்த விடை வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டால் இந்தப் பழக்கம் சீக்கிரம் மாறும்.

இன்னொன்று சூழ்நிலைத் தீர்வு. உடன் படிக்கும் மாணவன் நோயாளியின் விவரத்தைப் பேருந்தில் பேசுகிறான், மூத்த மருத்துவர் கை கழுவாமல் அடுத்த படுக்கைக்குப் போகிறார், நீ என்ன செய்வாய் என்ற மாதிரிக் கேள்விகள். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்த பிள்ளை மூத்தவர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளும் விடையைத் தேர்ந்தெடுக்கும். நேர்மையை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை எடுத்த எடுப்பில் மேலிடத்துக்குப் புகார் எழுதும். சாதாரண விஷயமானால் சம்பந்தப்பட்டவரிடம் தனியாக, மரியாதையாக, உடனே பேசுவதுதான் பொதுவாக ஏற்ற முதல் படி. நோயாளிக்கு ஆபத்து என்றால் தாமதிக்கக் கூடாது. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் வெளியிட்டுள்ள நல்ல மருத்துவ நடைமுறைக்கான கையேட்டை ஒட்டித்தான் இந்தப் பகுதியின் சிந்தனை போகிறது. அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு சூழ்நிலையாகப் பேசினால் வகுப்புக் கட்டணம் மிச்சம்.

வகுப்பில் சேர்ப்பதானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாடப் பொருள் 2025 மாற்றத்துக்குப் பிறகு எழுதப்பட்டதா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? என் பிள்ளையின் தப்புகளைத் தனியாகப் பார்ப்பீர்களா? மூன்றாவதற்கு மழுப்பினால் திரும்பிவிடுங்கள். "99-ஆவது சதமானம் உறுதி", அதாவது நூற்றில் 99 பேரை முந்துவது நிச்சயம் என்று சொன்னால் கேள்வியே வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஜூராங்கிலிருந்து நொவீனாவுக்கோ புகிஸுக்கோ போய்வரும் நேரத்தையும் கட்டணத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தானாக உட்கார்ந்து படிக்க முடியாத, யாராவது தேதி வைத்துக் கேட்டால்தான் நகரும் பிள்ளைக்கு வகுப்பு வேலை செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி உருவாக்கச் சொல்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். தப்பான விடையை விளக்கித் தரச் சொல்ல உதவும். வென் வரைபடக் கேள்விகளை அதுவே உருவாக்கினால் எண்கள் ஒத்துப்போகாமல் வருவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அரை மணி நேரம் தன்னைத்தான் சந்தேகப்படும்.

## எம்கேட்: புத்தகம் எடுபடும் இடம்

டியூக்-என்யுஎஸ் போக நினைக்கும் பட்டதாரிகளுக்கு மேலே சொன்னதில் பாதி தலைகீழாகிவிடும். எம்கேட்டில் பாடம் உண்டு. வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல், உளவியல், சமூகவியல், இவற்றோடு கடினமான வாசிப்புப் பகுதி; மொத்தம் 230 கேள்விகள், இடைவேளைகளோடு ஏறத்தாழ ஏழரை மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது. மதிப்பெண் 472 முதல் 528 வரை. இங்கே பாடப் புத்தகத் தொகுப்பு நியாயமான செலவு. பொறியியல் படித்தவருக்கு உளவியல் புதிது, உளவியல் படித்தவருக்கு இயற்பியல் மறந்திருக்கும். தெரியாத பாடத்துக்கு மட்டும் வாங்கலாம். தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் பயிற்சித் தேர்வுகளுக்குக் கொடுக்கும் காசை மட்டும் குறைக்காதீர்கள். வாசிப்புப் பகுதிக்கு வெளியார் எழுதும் கேள்விகள் அசலின் சுவையைப் பிடிப்பதில்லை.

## நீட் எழுதும் வீடுகள்

இங்கே வேலை பார்க்கும் பல தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் படித்து, சிங்கப்பூர் மையத்திலேயே நீட் எழுதுகிறார்கள். அது வேறு உலகம். 180 கேள்வி, 720 மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும், உயிரியல் மட்டும் பாதி. என்சிஇஆர்டி பாடநூலை வரிவரியாகப் படிக்காமல் வேறு எதை வாங்கினாலும் வீண். அதற்கு மேல் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், அவை இலவசம்.

இந்தியாவிலிருந்து நடக்கும் நேரலை வகுப்புதான் இங்கே எல்லாரும் யோசிக்கும் செலவு. கட்டணம் சிங்கப்பூர் விலையோடு பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் அங்கே மாலை ஏழு மணி என்பது இங்கே இரவு ஒன்பதரை. வகுப்பு முடிய நள்ளிரவு தாண்டும்; காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். பதிவுசெய்த பாடங்களாகக் கிடைப்பதையே பாருங்கள்.

பிள்ளை படித்து முடித்துச் சிங்கப்பூரில் மருத்துவராக வேலை பார்க்க வேண்டும் என்பது திட்டமானால், வகுப்பைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இங்கே ஏற்கப்படும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளின் பட்டியல் 2020 ஜனவரி 1 முதல் 160-லிருந்து 103 ஆகச் சுருங்கியது. பின்னர் சில சேர்க்கப்பட்டன. நீட்டில் கிடைக்கக்கூடிய கல்லூரி அதில் இருக்கிறதா என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் தளத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டுங்கள்.